சிற்பியின் மனைவியும் அவள் தங்கையும்

புக்கிட் மேராவில் நாங்கள் இருக்கும் வீவக வீட்டிலிருந்து ரெட்ஹில் எம்ஆர்டிக்குப் பத்து நிமிட நடை. நகரத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஏறினால் நான்காவது நிறுத்தம் ராஃபிள்ஸ் பிளேஸ். 2019 ஜனவரியில் ஒருநாள் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். ராஃபிள்ஸ் இந்தத் தீவில் கால் வைத்து இருநூறாவது ஆண்டு. ஆற்றங்கரையில் நிற்கும் வெள்ளை ராஃபிள்ஸ் சிலை, பின்னாலிருக்கும் உயரமான கட்டடத்தோடு கலந்து மறைந்துபோகிற மாதிரி முதலில் வர்ணம் பூசியிருந்தார்கள். பிறகு வெள்ளையை மீட்டுவிட்டு, பக்கத்தில் இன்னும் நான்கு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: சங் நீல உத்தமா, தான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை.

நாங்கள் போனது நாராயண பிள்ளையைப் பார்க்கத்தான். 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலைத் தொடங்கியவர். அப்பா அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் விக்டோரியா தியேட்டர் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் கரிய ராஃபிள்ஸைக் காட்டினேன். “இதுதான் அசல்ப்பா. ஆத்தங்கரையில நிக்கிறது 1972ல இதைப் பார்த்துச் செஞ்ச நகல்.”

“இதை யாரு செஞ்சது?”

“வுல்னர்னு ஒரு வெள்ளைக்காரர். லண்டன்ல.”

“கல்யாணம் ஆனவரா?”

அப்பா இந்தக் கேள்வியை எல்லோரைப் பற்றியும் கேட்பார். டாக்சி ஓட்டுநர், தொலைக்காட்சியில் பேசும் அமைச்சர், யாராக இருந்தாலும் சரி. குடும்பம் தெரியாமல் ஒரு மனிதரைத் தெரிந்துகொண்டதாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அன்று சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனபோது, எங்கள் வீட்டுக் கதைக்குள்ளேயே வந்து விழுவேன் என்று நினைக்கவில்லை.

*

கல்யாணம் ஆனவர்தான். தாமஸ் வுல்னர் 1864 செப்டம்பர் 6ஆம் தேதி ஆலிஸ் ஜெர்ட்ரூட் வா என்ற பெண்ணை மணந்தார். தமிழில் எழுதினால் வருகிறவர்களை வரவேற்பது மாதிரி இருக்கும் குடும்பப்பெயர். ஆலிஸின் அப்பா ஜார்ஜ் வா, லண்டன் ரீஜன்ட் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர். வசதியான, கண்டிப்பான குடும்பம். பின்னாளில் ஈவ்லின் வா என்ற நாவலாசிரியர் பிறந்ததும் இந்த வம்சத்தில்தான்.

வுல்னருக்கு அப்போது 38 வயது. அதற்குள் பல ஊர்த் தண்ணீர் குடித்திருந்தார். 1848இல் லண்டனில் ஏழு இளைஞர்கள் சேர்ந்து ‘ப்ரீ-ராஃபேலைட் சகோதரத்துவம்’ என்று ஒரு குழுவை அமைத்தார்கள். ராஃபேலுக்குப் பிறகு ஓவியம் வெறும் சூத்திரமாகிவிட்டது, கண்ணால் கண்டதைக் கண்டபடி தீட்டிய பழைய நேர்மைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஏழு பேரில் வுல்னர் ஒருவர்தான் சிற்பி. சிலை கேட்டு யாரும் வராததால் 1852இல் தங்கம் தோண்ட ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அவரை வழியனுப்பிய நிகழ்ச்சிதான் ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுன் ‘இங்கிலாந்தின் கடைசிக் காட்சி’ என்ற புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டக் காரணமானது. தங்கம் கிடைக்கவில்லை. அங்குள்ள பெரிய மனிதர்களின் முகங்களை வட்டப் பதக்கங்களில் வார்த்துக் கொடுத்துப் பிழைத்தார், 1854இல் ஊர் திரும்பினார்.

அவர் கவிஞரும்கூட. ‘என் அழகுப் பெண்’ என்ற அவருடைய நூல் 1863இல், கல்யாணத்துக்கு முந்தைய வருடம், வந்தது. இறந்துபோகும் ஒரு காதலியைப் பற்றிய கவிதை. அதன் முதல் வடிவம் 1850இலேயே குழுவின் பத்திரிகையில் வந்துவிட்டது. ஆகவே கவிதையின் நாயகி ஆலிஸ் இல்லை. கவிதையில் இருந்த பெண் இறந்து அழகானாள். வீட்டுக்கு வந்த பெண் உயிரோடிருந்து நான்கு பெண்களையும் இரண்டு பையன்களையும் பெற்று வளர்த்தாள்.

வெல்பெக் தெரு 29ஆம் எண் வீட்டில் குடும்பமும் சிற்பக்கூடமும் சேர்ந்தே இருந்தன. பம்பாய்க்குப் போன டேவிட் சசூன், பார்ட்டில் ஃப்ரியர், கல்கத்தாவுக்குப் போன லாரன்ஸ் பிரபு, சிட்னியின் ஹைட் பூங்காவில் 1879 முதல் கை உயர்த்தி நிற்கும் கேப்டன் குக், இவர்களெல்லாம் வுல்னரின் கையில் உருவானவர்கள். கடைசியாக எங்கள் ராஃபிள்ஸ். முதலில் களிமண், பிறகு பிளாஸ்டர், பிறகு பட்டறையில் வெண்கலம். ஒவ்வொரு பெரிய மனிதரும் பளிங்காகவோ உலோகமாகவோ மாறி ஊர் போய்ச் சேருவதற்கு முன் மாதக்கணக்கில் ஈர மண்ணாக நிற்க வேண்டும். அந்த மண்ணும் தூசியும் ஆறு பிள்ளைகளும் இருந்த வீட்டை நடத்தியது ஆலிஸ்.

*

இந்த இடத்தில் ஆலிஸின் அக்காவும் தங்கையும் வருகிறார்கள்.

அக்கா ஃபேனி. வுல்னர் முதலில் மனம் வைத்தது இவள் மேல்தான். அது நடக்கவில்லை. ஆலிஸின் கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு, 1865 டிசம்பரில், ஃபேனி மணந்தது வுல்னரின் நெருங்கிய நண்பரை: வில்லியம் ஹோல்மன் ஹன்ட். இந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய ஒரு படம் தெரியும். கையில் விளக்கோடு, செடி படர்ந்த கதவை இரவில் தட்டிக்கொண்டு நிற்கும் இயேசு. கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி இருக்காது. உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் காலண்டர்களில் அந்தப் படத்தின் சாயலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆக, ‘சகோதரத்துவ’ நண்பர்கள் இருவரும் சகலைகள் ஆனார்கள். ஆங்கிலத்தில் இதற்குத் தனிச்சொல் கிடையாது. மைத்துனன், மச்சான், கொழுந்தன், சகலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: ‘சட்டப்படி சகோதரன்’. மச்சினிச்சிக்கும் நாத்தனாருக்கும் அதே மாதிரி ‘சட்டப்படி சகோதரி’. இந்தச் சொற்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் இவைதான் வம்பு செய்யப்போகின்றன.

1866 ஆகஸ்டில் ஹன்ட்டும் கர்ப்பிணியான ஃபேனியும் கிழக்கே, எருசலேமுக்குப் புறப்பட்டார்கள். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் தெரிந்தது, காலராத் தடுப்புக் கட்டுப்பாட்டால் வழி அடைபட்டிருக்கிறது என்று. இத்தாலியின் ஃப்ளாரன்சில் தங்கினார்கள். அக்டோபரில் ஆண் குழந்தை. டிசம்பர் 20ஆம் தேதி காய்ச்சலில் ஃபேனி இறந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் நிறைய எட்டு நாள் பாக்கி.

குழந்தைக்கு சிரில் பெனோனி என்று பெயர் வைத்தார்கள். பைபிளில் ராகேல் பிரசவத்தில் சாகும்போது தன் பிள்ளைக்கு இட்ட பெயர் பெனோனி: என் துக்கத்தின் மகன். அந்த ராகேல் யார்? யாக்கோபின் மனைவி, அவருடைய இன்னொரு மனைவி லேயாளின் தங்கை. பெயர் வைத்தபோது ஹன்ட் இதை நினைத்திருக்க மாட்டார்.

ஃப்ளாரன்சின் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் ஃபேனியின் சமாதியை ஹன்ட் தானே வடித்தார். சகலை லண்டனின் பெயர்பெற்ற சிற்பி. ஆனாலும் ஓவியரே உளியைக் கையில் எடுத்தார். கீட்ஸின் கவிதையை வைத்து அப்போது தீட்டிக்கொண்டிருந்த ‘இசபெல்லாவும் துளசித் தொட்டியும்’ என்ற படத்தின் முகத்தில் ஃபேனியின் சாயல் வந்து சேர்ந்தது.

*

தங்கை எடித். ஃபேனிக்குப் பதின்மூன்று வயது இளையவள். தாயில்லாப் பிள்ளையோடு திரும்பிவந்த அக்கா புருஷன் மேல் அவளுக்குக் காதல் வந்தது. அவருக்கும் வந்தது.

நம் ஊராக இருந்தால் பெரியவர்கள் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பேசத் தொடங்கியிருப்பார்கள். “வெளியிலேருந்து ஒருத்தி வந்தா புள்ளையப் பாப்பாளா? சின்னவளையே கட்டிக் குடுத்துருவோம்.” லண்டனில் அது குற்றத்துக்குச் சமம். 1835க்கு முன் இறந்த மனைவியின் சகோதரியை மணந்தால், திருச்சபை நீதிமன்றத்தில் யாராவது வழக்குப் போட்டால்தான் அந்தக் கல்யாணம் ரத்தாகும். அந்த வருடம் வந்த சட்டம், அதுவரை நடந்தவற்றை விட்டுவிட்டு, இனி நடப்பவை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. கணவனும் மனைவியும் ஒரே மாம்சம். ஆகவே மனைவியின் தங்கை உனக்கும் தங்கை. ‘சட்டப்படி சகோதரி’ என்ற சொல் உண்மையிலேயே சட்டமாகிவிட்டது.

எதிர்த்துப் பேசியவர்களும் பைபிளைத்தான் காட்டினார்கள். லேவியராகமம் 18ஆம் அதிகாரம், மனைவி உயிரோடிருக்கையில் அவள் சகோதரியைச் சேர்க்காதே என்கிறது. அப்படியானால் செத்த பிறகு தடையில்லை என்றுதானே பொருள்? ஏறக்குறைய ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு மசோதா வந்தது, ஆண்டுதோறும் விழுந்தது. 1882இல் கில்பர்ட்டும் சல்லிவனும் தங்கள் ‘அயலாந்தி’ இசைநாடகத்தில் இதைக் கேலி செய்யுமளவுக்கு இது ஊர்ச் சிரிப்பு.

காசுள்ளவர்கள் வெளிநாடு போய் மணந்தார்கள். அதிலும் ஓட்டை இல்லை. 1861இல் புரூக் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லியிருந்தது: இங்கிலாந்து குடிகள் எந்த நாட்டில் போய்க் கட்டினாலும் இந்தக் கல்யாணம் இங்கே செல்லாது. ஹன்ட்டும் எடித்தும் 1875 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெலில் மணந்தபோது அந்தத் தீர்ப்புக்கு வயது பதினான்கு. பிறக்கப்போகும் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடாகப் பிறந்தவர்கள்.

வா குடும்பம் கதவைச் சாத்தியது. வுல்னர் ஹன்ட்டோடு பேச்சை நிறுத்தினார். 1892இல் சாகும்வரை பேசவில்லை.

இதில் என்னை உறுத்திய ஒன்று உண்டு. டென்னிசனின் ‘ஈனக் ஆர்டன்’ என்ற நெடுங்கவிதைக்குக் கதை கொடுத்தவர் இதே வுல்னர். கடலில் தொலைந்த கணவன் பல வருடம் கழித்துத் திரும்பிவருகிறான். மனைவி பிள்ளைகளுக்காக அவனுடைய நண்பனை மணந்து நிம்மதியாக இருக்கிறாள். ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டு, தான் யாரென்று மனைவியிடம் சொல்லாமலே செத்துப்போகிறான். அந்தக் கவிதை வெளியானது 1864இல், ஆலிஸைக் கட்டிய அதே வருடம். கதையில் அவ்வளவு பெரிய மனது இருந்தவருக்குச் சொந்த வீட்டில் இல்லை. ஒருவேளை வீடு என்பதால்தான் இல்லையோ என்னவோ. நான்கு பெண்களுக்கு வரன் பார்க்க வேண்டிய வீடு. சித்தியின் கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை என்ற பேச்சு, எந்த ஊரிலும் எளிதில் கரையாது.

நடுவில் நின்றவள் ஆலிஸ். ஒன்பது வருடத்துக்கு முன் அக்காவை ஃப்ளாரன்சில் பறிகொடுத்தாள். இப்போது ஓரிரு வயது இளைய தங்கை அதே லண்டனுக்குள் தொலைந்தாள். முதல் இழப்புக்குக் கல்லறை உண்டு. கல் இருக்கிறது, பூ வைக்கலாம். இரண்டாவதற்கு எதுவும் இல்லை. மகள் ஏமி 1917இல் அப்பாவின் வாழ்க்கையைக் கடிதங்களாகத் தொகுத்துத் தடித்த புத்தகமாகப் போட்டாள். ஹன்ட்டின் பேத்தி டயானா 1969இல் தாத்தாவின் மனைவிகளையும் காதல்களையும் எழுதினாள். ராஃபிள்ஸின் வாழ்க்கையை 1830இல் எழுதி வெளியிட்டதும் மனைவி சோஃபியாதான். ஆண்களுக்குச் சிலை, அவர்கள் கதையை எழுதும் வேலை மட்டும் வீட்டுப் பெண்களுக்கு.

*

எங்கள் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர் இல்லை.

தாத்தா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கம்போங் பாரு பக்கம் குடியிருப்பு. 1949இல் அப்பா பிறந்த பதினெட்டாம் நாள் பெரிய அப்பாயி இறந்துபோனார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா தன் பிள்ளையோடு பிள்ளையாக அப்பாவுக்கும் பால் கொடுத்தார். 1951இல் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனார். திரும்பும்போது இறந்துபோன மனைவியின் தங்கை உடன் வந்தார். பதினேழு வயது. அதுதான் நான் அறிந்த அப்பாயி.

இது எங்கள் வீட்டில் ரகசியமும் இல்லை, வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் பெருமை. “எவ்வளவு நல்ல மனசு பாரு” என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் சொல்லும். எடித்துக்குச் சாத்திய கதவு அப்பாயிக்கு அகலத் திறந்திருந்தது. தமிழில் அவருக்குப் பெயர் ‘சட்டப்படி சகோதரி’ இல்லை, கொழுந்தியாள். கேலி பேசலாம் என்ற உரிமையோடு வரும் முறை. அந்தக் கேலிக்குள் கல்யாணத்துக்கான அனுமதியும் மறைந்திருக்கிறது.

வுல்னரைப் படிக்கத் தொடங்கியபோது முதலில் எனக்கு வந்தது இந்தப் பெருமைதான். பார், விக்டோரியா காலத்து வெள்ளைக்காரன் எழுபது வருடம் சண்டை போட்டதை நாம் ஒரு தாம்பூலத்தில் முடித்தோம். கொஞ்ச நாளில் அது கசந்தது. முறையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். தாத்தா செத்து அப்பாயி விதவையாகியிருந்தால் தாத்தாவின் தம்பிக்குக் கட்டிவைத்திருப்பார்களா? எங்கள் சாதியில் பேச்சே எழாது. விதவை மறுமணத்துக்கு 1856இலேயே சட்டம் வந்தும் கிராமத்தில் அது நுழையவில்லை. இங்கிலாந்திலும் இதே கோணல். இறந்த மனைவியின் சகோதரியை மணக்க 1907இல் அனுமதித்தார்கள். இறந்த கணவனின் சகோதரனைப் பெண் மணக்க இன்னும் பதினான்கு வருடம், 1921 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கோடு எங்கே கிழித்தாலும் ஆணின் வசதி பார்த்தே கிழிக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. எடித் விரும்பினாள், ஊர் முழுக்க வேண்டாம் என்றது. அப்பாயி விஷயத்தில் ஊர் முழுக்க வேண்டும் என்றது. அப்பாயி?

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஒருநாள் கேட்டேன். அவர் மார்க்கெட்டிலிருந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உங்களக் கேட்டாங்களா அப்பாயி?”

“கேக்க என்ன இருக்கு? புள்ளைக்குப் பால் காச்சணும்ல.”

கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்தார். “சின்ன வயசுலேருந்து எங்கக்கா சட்டையத்தான் போட்டேன். பெருசா இருக்கும். இதுவும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன். அளவு சரியாக ரொம்ப வருசம் ஆச்சு.”

அதற்குமேல் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

வுல்னரின் ராஃபிள்ஸ் 1887 ஜூன் 27 அன்று, விக்டோரியா அரசியின் பொன்விழாவில், பாடாங்கில் திறக்கப்பட்டது. எட்டடி வெண்கலம். மலாய்க்காரர்கள் ‘ஓராங் பெசி’, இரும்பு மனிதன், என்றார்கள். பாடாங்கில் கால்பந்து விளையாடுகிறவர்களின் பந்து அடிக்கடி மேலே விழுந்தது. 1919இல், நூற்றாண்டு விழாவின்போது, இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். ஜப்பானியர் காலத்தில் கழற்றி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1946இல் மறுபடி வந்து நின்றது. அத்தனை ஆட்சிகளைப் பார்த்தும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

1907இல் சட்டம் மாறியபோது முன்பு நடந்த கல்யாணங்களையும் சேர்த்தே செல்லும் என்றார்கள். ஹன்ட்டுக்கு எண்பது வயது. முப்பத்திரண்டு வருடம் கழித்து எடித் சட்டப்படி மனைவி ஆனாள். வுல்னர் இறந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே காப்பிக்கடையில் வைத்து அப்பாவிடம் சொன்னேன். சிற்பி, மனைவி, அக்கா, தங்கை, வழக்கு எல்லாம். கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே கேட்டார். சட்டம் அவருக்குச் சுவைப்படவில்லை. கப்பல் தடைபட்டதைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தார்.

“அந்தப் பையனுக்கு எத்தன வயசு, அவரு ரெண்டாவது கட்டினப்ப?”

“ஒம்பது.”

“அவளை என்னன்னு கூப்பிட்டான்?”

எந்தப் புத்தகத்திலும் நான் தேடாத கேள்வி. ஆங்கிலத்தில் அந்தப் பையனுக்கு இரண்டு சொற்கள்தான். ஒன்று பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி எல்லோருக்கும் பொதுவானது, இன்னொன்று அம்மா. எதைச் சொன்னாலும் யாரோ ஒருவரை மறுக்க வேண்டும். அப்பாவுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. அம்மாவின் தங்கையும் சின்னம்மாதான், அப்பா கட்டிக்கொண்டு வந்தவளும் சின்னம்மாதான். சொல் ஒன்றே. அப்பாயி சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார். நான் சிறுவனாக இருந்தபோது, அம்மா என்று கூப்பிட்டால் என்ன குறைந்துபோகும், இன்னும் என்ன விலக்கம் என்று எனக்குக் கோபம்கூட வந்ததுண்டு.

“நீங்க ஏம்ப்பா கடைசிவரைக்கும் அம்மான்னு கூப்பிடல?”

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஒரு தடவ கூப்பிட்டேன். ஆறு ஏழு வயசு இருக்கும். அது சின்னம்மாதான் வேணாம்னுச்சு. ‘எங்கக்கா கோவிச்சுக்கும்’னு சொல்லுச்சு.”